ஒரு ஸ்விஃப்டும் பதினாறு அங்குல ஆசையும்: வீரவநல்லூர்–கங்கைகொண்டான் பாதையில் ஓடும் வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி 2014இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட், விடிஐ டீசல். மீட்டர் 96,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. ஓட்டுகிறவர் வீரவநல்லூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். வேலை கங்கைகொண்டான் சிப்காட்டில். சேரன்மகாதேவி, பேட்டை, டவுண், தச்சநல்லூர் என்று வந்து நான்குவழிச் சாலையில் ஏறி வடக்கே போகிறார். போக வர தொண்ணூறு கிலோமீட்டர் பக்கம் ஆகும். அதற்குள் எல்லா ரக ரோடும் வந்துவிடுகிறது. வயலுக்கு நடுவே ஓரம் அரித்துப்போன தார்ரோடு, ஊருக்கு ஊர் வேகத்தடை, டவுணுக்குள் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம், கடைசியில் காலை அழுத்தச் சொல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றை ஒட்டிய ரோடுகளில் ஒட்டுப்போட்ட இடங்கள் வேறு கூடிப்போயின.

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் அலைன்மென்ட் கடைக்கு (சக்கரங்களின் கோணத்தை அளந்து நேராக்கும் கடை) 2024 ஜூனில் அவர் வந்தபோது கையில் ஒரு கொட்டேஷன் இருந்தது. 16 அங்குல அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம், நான்கு; 195/50 டயர் நான்கு, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு செட். மொத்தம் 80,000 ரூபாயைத் தொட்டது. அலைன்மென்ட் மட்டும் என்னிடம் செய்துகொள்ளலாம் என்று விலை கேட்க வந்திருந்தார்.

"அண்ணாச்சி, எண்பதுக்கு மேல போனா வண்டி மெதக்குது. பிரேக் புடிச்சா எடப்பக்கம் இழுக்கு. டயரை அகலமாக்கி ஸ்பிரிங்கை எறக்கிட்டா ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போவும்னு சொல்லுதாவ."

"மொதல்ல லிஃப்ட்ல ஏத்திப் பாப்போம் தம்பி. ரூவாயை எப்ப வேணும்னாலும் செலவழிக்கலாம்லா."

கூடவே அவருடைய அப்பாவும் வந்திருந்தார். தாழ்த்தும் ஸ்பிரிங் என்ற பேச்சு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏல, பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குக் குளத்தங்கரைப் பாதையில இதை வச்சு எப்படில போவ?" என்றார். இந்த ஆய்வில் நான் எழுதப்போகும் கணக்கெல்லாம் கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும்.

தூக்கிப் பார்த்ததில்

முதலில் டயர். கம்பெனி அளவான 165/80 ஆர் 14. பக்கவாட்டில் தேதி எண் 2218, அதாவது 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. முன் டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் மேட்டின் உயரம், வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் இருந்தது, உள்பக்கம் 2க்கும் கீழே போயிருந்தது. சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் வேண்டும். பின் டயர்களில் வேறு கதை. கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டது. ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் டயர் ரோட்டில் துள்ளித் துள்ளி விழும்போது விழுகிற தேய்மானம் அது. பானெட்டை அமுக்கிவிட்டு எத்தனை ஆட்டம் ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனையை விட இந்தத் தடவல் நம்பகமானது.

அப்புறம் கீழே. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும், முறுக்கு வாங்கும் உத்திரம்): இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான். இடது ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்து தூசியோடு அப்பிக் கிடந்தது. வலது பக்கம் கசிவில்லை, ஆனால் தூசி உறை கிழிந்து, பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடிந்து உதிர்ந்திருந்தது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராட் இரண்டிலும் ஆட்டம். சின்னக் கல் ரோட்டில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று கேட்கும் சத்தம் அங்கிருந்துதான் வரும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டங் என்று ஒரு சத்தம் வந்தது, அது ஸ்ட்ரட் மவுண்ட்டின் பேரிங்.

முக்கியமான குற்றவாளி லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை. அது சட்டத்தில் பொருந்தும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். கடப்பாரையை வைத்து நெம்பினோம். இடது ஆர்மின் பின்புஷ் ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் விரல் பருமனுக்கு நகர்ந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தம்பி முந்தைய ஒரு வருடத்துக்குள் வேறு வேறு இடங்களில் பலமுறை அலைன்மென்ட் செய்திருக்கிறார். எல்லாச் சீட்டிலும் எண்கள் பச்சையில்தான், அதாவது எல்லைக்குள்தான், இருந்தன. அந்தச் சீட்டுகள் பொய்யில்லை. அலைன்மென்ட் மெஷின் நிற்கும் வண்டியை அளக்கிறது. நிற்கும்போது கிழிந்த புஷ்ஷும் இருந்த இடத்தில்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தவுடன் சக்கரம் பின்னுக்கு இழுபடுகிறது, கிழிந்த பக்கத்து ஆர்ம் கூடவே நகர்கிறது, அந்த ஒரு சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் மாறிப்போகிறது. வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பிரேக்கை விட்டதும் எல்லாம் பழையபடி. மெஷின் மேல் ஏற்றினால் மறுபடியும் பச்சை. புஷ்ஷைப் பார்க்காமல் அலைன்மென்ட் மட்டும் செய்வது என் தொழிலில் சுலபமாகக் காசு வரும் வழி. அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்காது.

டயரே ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு. அதைப் பிரித்தறிய முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். இழுவை அதே இடது பக்கம்தான். டயராக இருந்திருந்தால் வலப்பக்கம் மாறியிருக்கும்.

கொட்டேஷனில் இருந்த கணக்கு

டயர் அளவைக் கணக்குப் போட ஒரு பேனா போதும். 165/80 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. இரண்டு பக்கச்சுவரையும் 14 அங்குல ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர். கொட்டேஷனில் இருந்த 195/50 ஆர் 16க்கு இதே கணக்கில் 601 வருகிறது. விட்டத்தில் 18 மில்லிமீட்டர் குறைந்தால் வண்டி 9 மில்லிமீட்டர் இறங்கும். ஸ்பீடோமீட்டரும் முன்னைவிட 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

அதைக்கூட விட்டுவிடலாம். பக்கச்சுவர் 132இலிருந்து 97க்கு வந்துவிடுவதுதான் சங்கடம். பேட்டைப் பக்கம் மழை நாளில் தண்ணீர் நிறைந்த குழியில் அறுபதில் இறங்கினால் அடியை முதலில் வாங்குவது அந்தச் சுவர்தான். அது குட்டையாக இருந்தால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி உள்ளே நூல் அறுந்துவிடும். மறுநாள் டயரின் பக்கத்தில் கட்டி போலப் புடைத்திருக்கும். அதைப் பஞ்சர் கடையில் சரிசெய்ய முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்பு டிஸ்க் (கம்பெனி கொடுக்கும் இரும்பு ரிம்) வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விடும். விரிசல் விட்ட அலாயைப் பற்றவைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான்குவழிச் சாலையில் நூறில் போகிற வண்டிக்கு அது வேண்டாம்.

தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பற்றி அப்பா ஏற்கனவே சொல்லிவிட்டார். இந்த ஸ்விஃப்டுக்குத் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். டயரில் 9 போகும், ஸ்பிரிங்கில் 30 போகும், ஐந்து பேரும் பொங்கல் பானையும் ஏறினால் இன்னும் இறங்கும். சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். நம் ஊர்களில் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் முளைக்கிற தடைக்கு அந்த அளவெல்லாம் தெரியாது.

ஸ்பிரிங்கை வெட்டுவதும், சுருளுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகி வண்டியைத் தூக்குவதும் மலிவு வைத்தியமாக ஊரெங்கும் நடக்கின்றன. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவலாம். பஃபர் சொருகிய சுருள் வேலை செய்யாமல் நிற்க, அது அமுங்க வேண்டியதையும் மற்றச் சுருள்களே சேர்த்து அமுங்க வேண்டியிருக்கும். இரண்டையும் நான் செய்து கொடுப்பதில்லை.

முதல் கட்டம்: கண்ணுக்குத் தெரியாத செலவு

தம்பியிடம் ஒரு ஏற்பாடு சொன்னேன். முதலில் தேய்ந்ததை மட்டும் மாற்றுவோம், பழைய டயரோடேயே கொஞ்ச நாள் ஓட்டிப் பாரும், அப்புறமும் வண்டி மிதந்தால் அலாய் வாங்கலாம். அரை மனதோடு சரி என்றார். புது அலாய் போட்டால் ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்கள், புது புஷ்ஷை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் வருத்தம். அது நியாயமான வருத்தம்தான்.

முன் ஸ்ட்ரட் ஜோடியாக, மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறையோடு. பின் ஷாக் ஜோடியாக. லோயர் ஆர்ம் இரண்டும் புஷ், பால் ஜாயிண்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு) சேர்ந்து முழுதாக. லிங்க் ராட் இரண்டு. ஸ்பிரிங் நான்கும் நன்றாக இருந்தன, மாற்றவில்லை. எல்லாம் கம்பெனி அளவு, கம்பெனிப் பெட்டியில் வந்தவை. உதிரியும் கூலியும் சேர்ந்து 18,000 ரூபாய்க்குள் முடிந்தது. புஷ்ஷை மட்டும் தனியாக அழுத்தி மாற்றினால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். ஆனால் 96,000 ஓடிய பால் ஜாயிண்டை அப்படியே விட எனக்கு மனமில்லை. அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி ரோட்டில் உட்கார்ந்துவிடும்.

வேலையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முழுதாக இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் அந்தக் கோணத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டி தரைக்கு வந்ததும் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. "புது ஆர்ம் போட்டும் ஒரு வருசம்கூட வரல" என்று வருகிற வண்டிகள் பலவற்றில் காரணம் இதுவாக இருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். இந்த வண்டியில் முன்னால் டோ மட்டும்தான் திருத்த முடியும். கேம்பரும் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) கேஸ்டரும் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) கம்பெனி வைத்தபடிதான். அவை எல்லைக்குள்ளேயே இருந்தன. பேலன்சிங் போடும்போது ஒரு டிஸ்க் லேசாக வளைந்து ஆடியது தெரிந்தது. அதைப் பின்னுக்கு மாற்றினோம்.

இழுவை போயிற்று. மிதப்பும் போயிற்று. கடகட சத்தம் நின்றதும் அப்பாவுக்குத்தான் அதிக சந்தோஷம். தம்பி ஒரு வாரம் கழித்து போனில், "அண்ணாச்சி, நூறுலயும் ஒரு கையில புடிச்சுக்கிட்டுப் போலாம்" என்றார். இரண்டு கையாலும் பிடியும் என்றேன்.

இரண்டாம் கட்டம்: டயர்

டயர் எப்படியும் மாற்ற வேண்டியதாக இருந்தது. பட்டன் தீர்ந்ததோடு ஆறு வருட வெயிலும் ஏறியிருந்தது. கம்பெனி வளாகத்தில் நிழலில்லாத இடத்தில் பகல் முழுக்க நிற்கும் வண்டி. ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. பட்டன் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஈரத்தில் பிரேக் தூரம் கூடிக்கொண்டே போகும். சட்டம் 1.6 வரை விட்டாலும் நம் வடகிழக்குப் பருவமழையில் அதுவரை காத்திருப்பது சரியில்லை.

என் யோசனை 185/70 ஆர் 14. இருக்கும் டிஸ்க்கிலேயே ஏறும், ரிம் செலவு இல்லை. விட்டம் 615 மில்லிமீட்டர் வருகிறது, பழையதை விட ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். பக்கச்சுவர் 130க்கு ஒட்டி நிற்கிறது, குழிக்குப் பயமில்லை. அகலம் 20 மில்லிமீட்டர் கூடுவதால் காய்ந்த ரோட்டில் பிரேக்கும் வளைவும் நன்றாகத் தெரியும். செலவை ஒட்டிப் பார்த்தால் ஊருக்கும் ஆபீஸுக்கும் ஓடும் சின்னக் காருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான மாற்றம் கிடையாது என்பது என் தீர்மானம். அகலத்துக்கு ஒரு விலையும் உண்டு. தேங்கிய தண்ணீரில் அகல டயர் கொஞ்சம் முன்னதாகவே மிதக்கத் தொடங்கும், டீசலும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். 195, 205 என்று போகப்போக அந்த விலை கூடும், லாபம் அதே அளவுக்குக் கூடாது.

லோடு இண்டெக்ஸையும் பார்க்க வேண்டும். பழைய டயரில் 85 என்றிருந்தது, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். புது டயர் அதற்குக் கீழே போகக் கூடாது. 88 என்றால் 560 கிலோ.

ரிம் கதை

185/70க்கு ஏறக்குறைய முடிவாகியிருந்த நேரத்தில் தம்பிக்கு ஒரு அதிர்ஷ்டம். இதே ஸ்விஃப்டின் மேல்வகையான இசட்டிஐயில் வந்த கம்பெனி 15 அங்குல அலாய் ஒரு செட் விலைக்கு வந்தது. அந்த வண்டிக்காரர் 16 அங்குலத்துக்கு மாறியிருந்தார்! ஒருவர் கழற்றியதை இன்னொருவர் மாட்டிக்கொள்ளும் இந்த வியாபாரத்தில்தான் உண்மையான சிக்கனம் இருக்கிறது. செட் 14,000 ரூபாய்.

வாங்குமுன் நான்கையும் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்தோம். ஆட்டம் இருக்கிறதா, உள்விளிம்பில் அடி வாங்கியிருக்கிறதா, ஸ்போக்கின் அடியில் விரிசல் ஓடுகிறதா என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தோம். ஒன்றில் விளிம்பு உரசியிருந்தது, அழகுக்குறை மட்டும்தான். பழைய அலாய் விற்கிறவர் இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

கம்பெனி அலாய் என்பதால் மற்ற அளவுகளுக்குக் கவலையே இல்லை. வெளிக்கடை அலாய் வாங்குகிறவர்கள் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று பிசிடி, அதாவது நட்டுத் துளைகள் அமையும் வட்டம்; இந்த வண்டிக்கு 4×100, நான்கு துளை, 100 மில்லிமீட்டர் விட்டம். இரண்டு நடுத்துளை, சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப் ஸ்விஃப்டுக்கு 54.1 மில்லிமீட்டர். வெளிக்கடை அலாயின் துளை பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக இருக்கும். இடைவெளியை ஹப் ரிங் போட்டு நிரப்பாவிட்டால் சக்கரம் நட்டை மட்டுமே நம்பி நடுவில் உட்காரும், எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் அந்த நடுக்கம் போகாது. மூன்றாவது ஆஃப்செட், ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு. அது குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தி ஹப் பேரிங்கின் ஆயுளைத் தின்னும். எடையையும் தூக்கிப் பாருங்கள். அலாய் என்றாலே இலேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. விலை குறைந்த வார்ப்பு அலாய் சில நேரம் இரும்பு டிஸ்க்கை விடக் கனமாகவே இருக்கும்.

டயர் 185/65 ஆர் 15, கம்பெனி இந்த ரிம்முக்குக் கொடுத்த அதே அளவு. விட்டம் 621, பழையதோடு 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பக்கச்சுவர் 120. நான்கும் 22,000 ரூபாய். இதே மாடலின் மேல்வகைக்குக் கம்பெனியே கொடுத்த அளவு என்பதால் காகிதத்திலும் தலைவலி இல்லை. இன்சூரன்ஸில் மட்டும் அலாயைத் தெரிவித்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆக மொத்தம் அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 56,000 ரூபாய்க்குள் நின்றது. இதில் 18,000 மட்டும் செலவழித்தபோதே அவர் சொன்ன குறை எல்லாம் தீர்ந்துவிட்டது. அலாய்க்குக் கொடுத்த 14,000 அழகுக்கு என்று நானும் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். தன் சம்பாத்தியத்தில் தன் வண்டிக்கு அழகு பார்ப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை.

ஓட்டிய பிறகு

அந்த வருட மழையில் டயரைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. டீசல் மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்ததாகச் சொல்கிறார். சின்னச் சின்ன மேடு பள்ளம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. 120க்கும் 132க்கும் உள்ள வித்தியாசம் அது, ஷாக்கின் குறையில்லை.

காற்று விஷயத்தில் மட்டும் ஒரு தகராறு. மத்தியானம் நெடுஞ்சாலையில் வந்து நின்ற கையோடு பங்கில் அளந்து, கூடுதலாக இருக்கிறது என்று குறைத்துவிட்டார். மறுநாள் காலையில் குளிர்ந்த டயரில் அளந்தால் 5 பிஎஸ்ஐ குறைவு. சூடு ஏறினால் அழுத்தம் கூடுவது இயல்பு. கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் எண் குளிர்ந்த டயருக்கானது, காலையில் வண்டி எடுக்குமுன் அளக்க வேண்டும். நைட்ரஜன் போட்டால் இந்தக் கவலையே இல்லையா என்று கேட்டார். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கொள்ளும் என்றேன். வாங்கினார்.

பழைய டிஸ்க்கில் வளைந்ததைக் கழித்துவிட்டு, மற்ற மூன்றில் நல்ல ஒன்றைத் தேர்ந்து, பட்டன் மிச்சமிருந்த பின் டயரைப் போட்டு, பழைய ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன், அந்த டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்து வெடிப்பு விட்டது. பழைய ஸ்டெப்னி ரோட்டையே அதிகம் பார்க்காதது, ஆனால் அதன் டயர் தேதி 2014, அதுவும் ஆகாது. அந்த ஸ்டெப்னியின் டிஸ்க்கிலேயே புதிதாக ஒரு 165/80 ஆர் 14 மாட்டி வைத்தோம். விட்டம் 2 மில்லிமீட்டர்தான் மாறுவதால் அவசரத்துக்கு எந்தப் பக்கமும் போடலாம், நட்டும் அதேதான். எண்பதைத் தாண்டாமல் பக்கத்துப் பஞ்சர் கடை வரை போய்ச் சேர்ந்தால் போதும்.